பரீட்சகர் பாடு

பரீட்சையைப் பற்றி மாணாக்கர் எழுதும் கட்டுரைகள் பல. அவற்றுட் பெரும்பாலன பரீட்சை எழுதுவோர் படும் துன்பத்தையே பேசுவன. இரவெல்லாம் விழித்திருத்தலும், வினாத்தாளைக் கண்டு திகைத்தலும், முடிவு வெளிவரும் நாளில் உணவு செல்லாமையும் ஆகிய இவையெல்லாம் போதிய அளவு பேசப்பட்டுவிட்டன. யாம் ஈண்டு எடுத்துக்கொண்டது அதன் மற்றைப் புறம். அவ்விடைகளை ஒவ்வொன்றாகப் படித்து மதிப்பிடுவார் படும் பாடு யாது என்பதே எம் வினா. அதிலும், கல்லூரிப் பரீட்சையை விடுத்து, ஒருவரை ஒரு தொழிலுக்கு உரியர் என்று முத்திரையிடும் பரீட்சைகளையே கருதுகின்றோம். கல்லூரியில் விடைத்தாள் திருத்துதல் ஆசிரியர்தம் கடமையின் ஒரு பகுதி. அதற்கு ஊதியமும் உண்டு. தொழிற்பட்டம் வழங்கும் சங்கங்களிலோ, அத்தொழிலில் முன்னரே தேர்ந்தவர்கள் தம் ஓய்வு நேரத்தைக் கொடுத்து, கைம்மாறு கருதாமலேனும் பெயரளவில் ஒரு சிறு தொகை பெற்றேனும், அவ்வேலையைச் செய்து வருகின்றனர். தமிழ்ப் புலமையையே பிழைப்பாகக் கொள்ள எண்ணி ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் எம்போல்வார்க்கு இஃது அயலார் செய்தி அன்று. இன்னும் சில ஆண்டுகளில் யாமும் ஒரு கட்டு விடைத்தாளின் முன் அமர வேண்டியவர்களே.

நம் மொழியில் முதன்முதல் விடைத்தாள் திருத்தியவர் யார் எனின், ஒரு சிறு பிள்ளை என்றே சொல்லுதல் வேண்டும். இறையனார் களவியலுக்கு உரை கண்ட சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் தத்தம் உரையே மெய்யுரை என்று வாதிட்டனர். நடுநிலையாளன் ஒருவனைத் தருமாறு அவர்கள் வேண்டியபோது, உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயது ஊமைப் பிள்ளை காட்டப்பட்டான் என்பது அந்நூலின் உரை கூறும் கதை. அவனை உயர்ந்த இருக்கையில் அமர்த்தி ஒவ்வொருவராய்த் தம் உரையை வாசித்தனர். மருதன் இளநாகனார் வாசித்தபோது சிற்சில இடங்களில் அவன் கண்ணீர் உகுத்தான். நக்கீரனார் வாசித்தபோது சொல்தோறும் உகுத்தான். அதுவே தீர்ப்பாயிற்று. கதை எவ்வாறாயினும் ஆகுக. முடிவினால் தனக்கு ஆதாயம் இல்லாதவனே மதிப்பிடுதற்கு உரியன் என்பதும், ஒன்றைக் கேட்டுத் தீர்ப்பளித்தல் கூடாது, அனைத்தையும் கேட்டே தீர வேண்டும் என்பதும் அக்கதையினுள் அடங்கியிருக்கின்றன. நாற்பத்தொன்பது உரைகளையும் கேட்டு முடிக்க அப்பிள்ளைக்கு எத்தனை நாள் சென்றன, இடையில் அவனுக்குப் பசித்ததா, உறக்கம் வந்ததா என்று மட்டும் எவரும் எழுதி வைக்கவில்லை. பரீட்சகர் பாட்டை எழுதாமல் விடும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது போலும்!

கதையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 14-ஆம் நாள், பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் அவர்கள் இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி அவர்களின் ஆதரவோடு மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார்கள். சேதுபதி செந்தமிழ்க் கலாசாலை, பாண்டியன் புத்தகசாலை, 'செந்தமிழ்' என்னும் இதழ் ஆகியவை அச்சங்கத்தின் புகழ்பெற்ற கிளைகள். இவற்றோடு ஒப்ப நினைக்கத்தக்கவை அது நடத்திய பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்னும் முப்படிப் பரீட்சைகள். ஆங்கிலக் கல்லூரியின் வாயிலை மிதிக்க வகையற்ற ஒருவர், தாம் கற்ற தமிழைக் காட்டிப் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பண்டிதராக அமர்வதற்கு அப்பட்டம் ஒரு வழியாயிற்று. கடல் கடந்தும் அதன் மதிப்புச் சென்றது. யாழ்ப்பாணத்துப் புலவர் பலர் மதுரைச் சங்கப் பரீட்சையை எழுதினர். 1921-இல் அங்கே தோன்றிய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கமும் பிரவேச, பால, பண்டித பரீட்சைகளைத் தானே நடத்தத் தொடங்கிற்று.

கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்து சொல்லாராய்ச்சியில் பெரும்பெயர் பெற்ற தேவநேயப் பாவாணர், 1924-இல் மதுரைச் சங்கத்துப் பண்டிதத் தேர்விலும், 1926-இல் திருநெல்வேலித் தென்னிந்தியத் தமிழ்ச் சங்கத்துப் புலவர் தேர்விலும் வெற்றி பெற்றார். பின்னதில் அவ்வாண்டு தேறியவர் அவர் ஒருவரே என்று அவர்தம் வரலாற்றிற் பெருமையாகக் கூறுவர். பெருமைதான், ஐயமில்லை. ஆயினும் யாம் அச்செய்தியை வேறொரு கண்கொண்டு பார்க்கின்றோம். தேறியவர் ஒருவரே எனின், தேறாதவர் தாள்களையும் எவரோ ஒருவர் முதலெழுத்து முதல் கடையெழுத்து வரை படித்தே அம்முடிவுக்கு வந்திருத்தல் வேண்டும். நல்ல தாளைப் படித்தல் எளிது. அது தானே வழிநடத்திச் செல்லும். தேறுமோ தேறாதோ என்று நடுவில் நிற்கும் தாளே பரீட்சகரின் நேரத்தை விழுங்குவது. ஆகவே, ஒருவர் மட்டும் தேறிய ஆண்டு பரீட்சகர்க்கு எளிய ஆண்டாய் இருந்திராது. அவர்கள் யார் யார் என்பதைப் பாவாணர் வரலாறு கூறுவோர் சொல்லக் கேட்டிலோம்.

செட்டிநாட்டார்க்கு இச்செய்தி நெருங்கியது. மேலைச்சிவபுரியில் 1909-இல் சன்மார்க்க சபையைத் தோற்றுவித்துத் தமிழ் வளர்த்தவர் மகிபாலன்பட்டிப் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் அவர்கள். அம் மேலைச்சிவபுரியிலேயே பிறந்த வ. சுப. மாணிக்கனார் அவர்கள், வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947-இல் காரைக்குடியில் தொடங்கிய கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கினார்கள். இத்துணைப் பெரும்பெயர்கள் உலவிய நாட்டில், பெயர் வெளிவராத தமிழாசிரியர்கள் அவர்களினும் பன்மடங்கினர். அத்தகையார் ஒருவரைக் காரைக்குடியை அடுத்த கோட்டையூர்ப் பக்கத்தில் யாம் சென்ற கோடை விடுமுறையிற் கண்டு பேசினோம். அவர் ஒரு தமிழ்ச் சங்கத்தின் பட்டப் பரீட்சைக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் தாள் திருத்தியவர். தம் பெயரை எழுதலாகாது என்று கேட்டுக்கொண்டார். ஆதலின் சங்கத்தின் பெயரையும் விடுத்தோம்.

அவர் கூறிய முறை வருமாறு. விடைத்தாட் கட்டு துணியிற் பொதிந்து அரக்கு முத்திரையிட்டுப் பதிவுத் தபாலில் வரும். எழுதியவர் பெயருள்ள முகப்பேட்டைச் சங்கத்தார் முன்னரே நீக்கி, மாற்றெண் இட்டிருப்பர். வந்தவுடன் பிரித்துத் தாள்களை எண்ணி, எண்ணிக்கை சரி என்று கடிதம் எழுதுதல் முதல் வேலை. ஒரு தாள் குறைந்தால் ஒருவருடைய ஓராண்டு உழைப்பே குறைந்ததாகும் அன்றோ? அப்பாற் படிக்கத் தொடங்குவார். “முதற் பத்துத் தாளுக்கு மதிப்பெண் இடமாட்டேன், தம்பி. பென்சிலாற் குறித்து மட்டும் வைப்பேன். பத்துத் தாள் படித்த பிறகுதான் இந்த ஆண்டு எழுதியவர்கள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பது பிடிபடும். பிறகு திரும்ப முதல் தாளுக்கு வருவேன்” என்றார். அதன்மேலும் ஒருவருடைய தாளை முழுவதும் படித்துவிட்டு அடுத்தவர் தாளை எடுப்பது அவர் வழக்கம் அன்று. எல்லாத் தாள்களிலும் முதல் வினாவுக்குரிய விடையைப் படித்து முடித்த பின்னரே இரண்டாம் வினாவைத் தொடுவார். என்னை? “முதல் விடை மணத்தால் கடைசி விடையும் மணப்பதுபோல் தோன்றும், முதல் விடை நாறினாலும் அப்படியே” என்பது அவர் விடை.

வெண்பா இயற்றுக என்னும் வினா வந்துவிட்டால் வேலை இரட்டிக்கும். நேரிசை வெண்பா ஒன்றிற் பதினைந்து சீர். ஆகவே தளை பதினான்கு. 120 தாள்கள் எனின், பரீட்சகர் 1,680 தளைகளை விரல்விட்டுப் பார்த்தல் வேண்டும். அதற்குமேல் எதுகை உண்டு, தனிச்சொல் உண்டு, ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாட்டில் அமைந்ததா என்னும் சோதனை உண்டு. இவ்வளவும் பார்த்த பின் அவ்விடைக்கு இடுவதோ மிகுதியாகப் போனால் பத்து மதிப்பெண்! “ஓரிடத்திலே தளை தட்டிப் பாட்டு மட்டும் உயிரோடு இருந்தால் என்ன செய்வீர்கள், ஐயா?” என்று கேட்டோம். “அன்றைக்குத் தூக்கம் போய்விடும்” என்றார்.

இதனினும் நுட்பமான தொல்லை ஒன்றுண்டு. சங்கத்தார் அனுப்பும் மாதிரி விடையில் தொல்காப்பியச் சூத்திரம் ஒன்றற்கு ஓர் உரையாசிரியர் கருத்தே தரப்பட்டிருக்கும். தாள் எழுதியவரோ இளம்பூரணரைப் பின்பற்றி வேறுபட எழுதியிருப்பார். மாதிரி விடையோடு மட்டும் ஒப்பிட்டால் அது பிழை. நூலை எடுத்துப் பார்த்தால் அது புலமை. குறளிலும் அவ்வாறே. பரிமேலழகரையே பயின்றவர்க்கு மணக்குடவர் கொண்ட பாடமும் வைப்புமுறையும் தவறாகத் தோன்றக்கூடும். ஆதலின் நல்ல பரீட்சகர் நடுவில் எழுந்து அலமாரியை நோக்கி நடப்பவராய் இருத்தல் வேண்டும். அவ்வாறு எழுந்து நடந்த நேரத்தை எவரும் கணக்கிடுவதில்லை.

கணக்கிடக் கூடியதையேனும் கணக்கிடுவோம். மூன்று மணி நேரம் எழுதப்பட்ட ஒரு தாளைக் கருத்தூன்றிப் படிக்க இருபது நிமிடம் என்று கொண்டால், 120 தாள்களுக்கு 40 மணி நேரம் ஆகும். பகலெல்லாம் பள்ளியிற் பாடம் சொல்லிவிட்டு இரவில் இரண்டு மணி நேரம் ஒதுக்குபவர்க்கு இது இருபது இரவு. அப்பரீட்சை ஐந்து தாள்களை உடையதாகி, ஒவ்வொன்றையும் இருவர் தனித்தனியே படிப்பதாயின், மொத்தம் 400 மணி நேரம். வினாத்தாள் அமைத்தல், மாதிரி விடை எழுதுதல், மதிப்பெண்ணைக் கூட்டிச் சரிபார்த்தல், இருவர் மதிப்பெண்ணும் பெரிதும் வேறுபட்ட இடத்து மூன்றாமவரைத் தேடுதல் ஆகியவை இதிற் சேரவில்லை. கூட்டலைப் பற்றிப் பேச்சு வந்தபோது, வளவில் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவியார், “ஐயாவுக்குத் தொல்காப்பியம் வரும், கூட்டல் வராது, தம்பி. இருபத்திரண்டு வருஷமும் நான்தான் கூட்டிக் கொடுத்தேன்” என்று நகைத்தார். சங்கத்தின் பதிவேட்டில் ஒரு பரீட்சகர் பெயர் இருந்தது, உழைத்தவர் இருவர்.

கிடைத்த கைம்மாறு யாது? தபாற் செலவு, ஆண்டுமலர் ஒன்று, நன்றிக் கடிதம் ஒன்று. இவ்வளவுக்கும் ஏன் தொடர்ந்து செய்தீர்கள் என்று வினவினோம். “நான் பட்டம் வாங்கிய தாளையும் யாரோ ஒருவர் காசு வாங்காமல்தானே படித்திருப்பார்” என்றார். கேட்கும்போது நெஞ்சு நெகிழ்ந்தது. ஆயினும் வீடு திரும்பும் வழியில் அவ்விடையை யாம் முழுதும் ஏற்க இயலவில்லை. இவ்வாறு கடன் அடைக்கும் உள்ளம் படைத்தவர் பட்டம் பெற்ற நூறு பேரில் இருவரோ மூவரோ. ஆண்டுதோறும் அந்த இருவர் மூவர் தோள்மீதே கட்டு ஏறுகின்றது. அவர்கள் முதுமையடைந்தால் பரீட்சையும் முதுமையடைகின்றது. கூலி கொடாதவர்க்குக் கோபித்துக்கொள்ளும் உரிமையும் இல்லை. தாள் இரண்டு மாதம் தாமதித்து வந்தாலும், படிக்காமலே மதிப்பெண் இடப்பட்டதோ என்று ஐயம் தோன்றினாலும், சங்கத்துச் செயலாளர் மீண்டும் ஒரு பணிவான கடிதம் எழுதுவதன்றி வேறென் செய்வார்? இன்னும் ஒன்று: மாலையில் வீடு திரும்பி அடுப்படியிற் புகவேண்டிய ஆசிரியைக்கு இருபது இரவுகள் எங்கிருந்து வரும்? இலவச உழைப்பு என்பது ஓய்வுடையார் மட்டும் அளிக்கக்கூடிய உழைப்பு. ஆதலின் மதிப்பிடும் இருக்கையில் யார் அமர்வர் என்பதையும் அதுவே தீர்மானித்துவிடுகின்றது.

ஒரு தாளை ஒருவரே படித்தாற் போதாதோ, இருவர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்னும் இருவர் 1912-இல் ஓர் ஆங்கில விடைத்தாளைப் படியெடுத்துப் பள்ளிகளுக்கு அனுப்பினர். அதனைத் திருத்திய 142 ஆசிரியர்கள் இட்ட மதிப்பெண்கள் 64 முதல் 98 வரை விரிந்து கிடந்தன. தாள் ஒன்றே! டாக்கா சர்வகலாசாலையின் முதல் துணைவேந்தராய் இருந்து, பின்னர் 1929-இல் இந்தியக் கல்வி பற்றிய அறிக்கையால் நம் நாட்டார்க்கு அறிமுகமான சர் பிலிப் ஹார்ட்டாக், இங்கிலாந்தில் ரோட்ஸ் என்பவரோடு கூடி 1935-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் அச்சமூட்டுவது. வரலாற்றுத் தாள்கள் பதினைந்தைப் பரீட்சகர் பதினால்வர் திருத்தினர். ஓராண்டுக்கு மேல் கழித்து, அதே தாள்களை அதே பரீட்சகரிடம் மீண்டும் கொடுத்தனர். 210 முடிவுகளில் 92 மாறிப்போயின. பிறரோடு வேறுபட்டது ஒருபுறம் இருக்க, தம்மோடு தாமே வேறுபட்டனர். இவர்கள் சோம்பேறிகள் அல்லர், பழுத்த பரீட்சகர்கள். கோட்டையூர் ஆசிரியர் பத்துத் தாளுக்குப் பின் முதல் தாளுக்குத் திரும்பியது எத்துணை அறிவுடைய செயல் என்பது இவ்வாராய்ச்சியைப் படித்த பின்னரே எமக்கு விளங்கிற்று.

இந்த உண்மையை அறிந்து, அதற்குரிய விலையைத் தம் உறுப்பினர் உழைப்பாலேயே கொடுத்துவரும் தொழிற்சங்கம் ஒன்றைக் குறிப்பிடுவோம். ஆயுள் காப்பீட்டுக்குரிய கட்டணத்தையும் இருப்பையும் கணித்துச் சொல்லும் கணக்கறிஞரை ஆக்சுவரி என்பர். அமெரிக்காவில் அத்தொழிலார்க்கு 1914-இல் ஒரு சங்கமும், பழைய சங்கங்கள் இரண்டு இணைந்ததனால் 1949-இல் மற்றொன்றும் தோன்றின. இவை நடத்தும் மேல்நிலைப் பரீட்சைகளின் எழுத்து விடைகளை, முன்னர்த் தேறிய உறுப்பினர்களே தொண்டராய் நின்று திருத்துகின்றனர். இரண்டாவதாகக் கூறிய சங்கத்தில், இருவர் ஒரே விடையைத் தனித்தனியே படித்து மதிப்பிட்டு, வேறுபாடு இருப்பின் கலந்து பேசித் தீர்த்தல் முறை. பகலில் காப்பீட்டு அலுவலகத்திற் பெருஞ்சம்பளம் பெறுபவர், மாலையில் ஊதியமின்றித் தாள் திருத்துகின்றார்! அங்கே அது நடைபெறுதற்கு ஒரு காரணம், அத்தகையாரைப் பணியில் வைத்திருக்கும் நிறுவனங்கள் அந்நேரத்தைப் பொறுத்துக்கொள்வதேயாம். ஆகவே அதுவும் முற்றிலும் இலவசம் அன்று. செலவு வேறொருவர் கணக்கில் எழுதப்படுகின்றது. நம் நாட்டில் 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பட்டயக் கணக்கர் கழகம், விடைத்தாள் திருத்துவோர்க்கு மதிப்பூதியம் அளிக்கின்றது. இம்முறையே எமக்கு உவப்பானது.

கணக்கர் என்றவுடன் செட்டிநாட்டுப் பழைய தொழிற்கல்வி நினைவுக்கு வருகின்றது. நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை வைத்திருந்த காலத்தில், இளம்பிள்ளைகள் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக உயர்ந்து, முடிவில் கடையையே நடத்தும் முதலாளாவர். அவர்களுக்கு வினாத்தாள் இல்லை, பட்டமும் இல்லை. ஆனால் பையன் எழுதிய பேரேட்டை மேலாள் பார்ப்பார். ஐந்தொகை நேராகாவிடின் பையன் எழுந்திருத்தல் இயலாது. அஃதும் விடைத்தாள் திருத்துதலே. வேற்றுமை யாதெனின், அங்கே தவறாக மதிப்பிட்டால் நட்டம் மதிப்பிட்டவர் கடைக்கே. ஆதலின் அவர் கண்ணயராமற் பார்த்தார். அச்சிட்ட பரீட்சையிலோ, தகுதியற்றவரைத் தேற்றிவிட்டால் நட்டம் பரீட்சகர்க்கு வாராது. அவர் ஒருநாளும் காணப்போகாத ஏதோ ஒரு பள்ளியின் பிள்ளைகளுக்கு வரும். காணாத பிள்ளைகளுக்காகக் கண்விழிப்பவர் என்பதனாலேயே பரீட்சகரை யாம் பெரிதும் மதிக்கின்றோம். 1937-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடியிலும் சென்னையிலும் இரங்கூனிலும் ஒரே நாளில் தொடங்கிற்று. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே, 1928-இல், வங்கி ஊழியர்க்குப் பரீட்சை நடத்தும் கழகம் பம்பாயில் தோன்றியிருந்தது. பெட்டியடியிலிருந்து பரீட்சைக்கு மாறிய கதை நம் ஊர்த் தெருக்களிலேயே நடந்ததுதான். இன்று அக்கழகத்தின் பரீட்சையும் நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் முறைக்கு வந்துவிட்டது.

இனி எம் நெஞ்சை உறுத்தும் இடத்துக்கு வந்தோம். படிப்பவர் கிடைப்பது அரிது, செலவு மிகுதி, ஒருவர்க்கொருவர் மதிப்பெண் வேறுபடுகின்றது என்னும் குறைகளுக்கெல்லாம் இக்காலத்தார் கண்ட மருந்து, படிப்பவரையே நீக்கிவிடுதல். கல்லூரி ஆசிரியராதற்குரிய தேசியத் தகுதித் தேர்வில் மூன்றாம் தாள் 2011 டிசம்பர் வரை விரிவாக எழுதும் தாளாய் இருந்தது. 2012 ஜூன் முதல் அதுவும் விடை தெரிந்தெடுக்கும் தாளாயிற்று. 2018-இல் மூன்றாம் தாளே நீங்கி, இன்று இரு தாள்களிலும் சேர்ந்து 150 வினாக்கள் உள்ளன. தமிழ்நாட்டில் 2012-இல் முதன்முதல் நடைபெற்ற ஆசிரியர் தகுதித் தேர்வும் அம்முறையினதே. இதன் நன்மையை யாம் மறுக்கவில்லை. இலட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் இயந்திரம் களைப்படையாது. எவர்க்கும் சலுகை காட்டாது. முடிவும் விரைந்து வரும். ஏழை மாணாக்கன் பரீட்சகர் மனநிலைக்கு அஞ்ச வேண்டுவதில்லை.

ஆயினும் நடந்தது யாது என்பதை நேராகச் சொல்லிவிடுதல் நன்று. ஒருவர் அத்தேர்விற் தேறித் தமிழ் கற்பிக்கும் தகுதிச் சான்று பெறுகின்றார். அச்சான்றை வழங்கியவர்களுள் ஒருவரேனும் அவர் எழுதிய ஒரு பத்தித் தமிழைப் படித்ததில்லை. கலித்தொகையின் உரையாசிரியர் பெயரை அவர் சரியாகச் சுட்டியிருப்பார். கலித்தொகைப் பாட்டு ஒன்றை மாணாக்கன் மனத்திற் பதியுமாறு நாலு வாக்கியத்தில் எடுத்துரைக்க அவரால் இயலுமா என்பது கேட்கப்படவே இல்லை. கேட்டிருந்தால் படிக்க ஆள் வேண்டும். படிக்க இருபது நிமிடம் வேண்டும். கேளாமைக்குக் காரணம் புலமையைப் பற்றிய கொள்கை மட்டுமன்று, அந்த இருபது நிமிடமுமாம் என்பது எம் அபிப்பிராயம். மதுரையில் 120 ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கம் செய்யத் துணிந்ததை, பெரும்பொருள் படைத்த நிறுவனங்கள் இன்று இயலாது என்கின்றன.

பரீட்சகர் பெயர் மறைந்திருத்தல் வேண்டும் என்பதில் எமக்கு மாறுபாடு இல்லை. உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் வழங்கிய தீர்ப்பொன்றில், திருத்தப்பட்ட தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தகவல் அறியும் சட்டத்தின்படி எழுதியவர்க்கு உண்டு என்றும், திருத்தியவர் பெயர் முதலிய விவரங்களை வெளியிடாமல் மறைக்கலாம் என்றும் முடிவு செய்தது. தேறாதவர் கதவைத் தட்டினால் பரீட்சகர் நடுநிலை நிற்பது எங்ஙனம்? ஆனால் பெயரை மறைப்பது வேறு, உழைப்பை மறைப்பது வேறு. எத்தனை பேர், எத்தனை தாள், எத்தனை மணி நேரம், என்ன மதிப்பூதியம் என்பவற்றைப் பரீட்சை நடத்தும் ஒவ்வொரு சங்கமும் முடிவோடு சேர்த்து வெளியிடலாம். அவ்வெண்களைக் கண்டால், பட்டம் பெற்றவர்களுள் இன்னும் நால்வர் முன்வரவும் கூடும். கட்டணத்திற் சிறிது உயர்த்தவேண்டும் என்றால் எழுதுவோர் முணுமுணுக்காமல் இருக்கவும் கூடும்.

எம் அளவில் செய்யக்கூடியது ஒன்றைத் தமிழ்ப் பேரவையின் முன் வைத்துள்ளோம். எம் ஆனர்ஸ் வகுப்பில் பன்னிருவர் இருக்கின்றோம். முதலாண்டு மாணாக்கர் அறுபதின்மர் எழுதும் கட்டுரைத் தாள்களைப் படியெடுத்து, பெயரை நீக்கி, ஒவ்வொரு தாளையும் எம்முள் இருவர் தனித்தனியே மதிப்பிடுதல் வேண்டும். ஒருவர் பங்குக்குப் பத்துத் தாள். இருபது நிமிட வீதம் மூன்று மணி இருபது நிமிடம். எம் மதிப்பெண் எவர் கணக்கிலும் சேராது. இருவர் எண்களையும் அருகருகே எழுதி, வேறுபட்ட இடங்களில் ஏன் வேறுபட்டோம் என்று ஒருவர்க்கொருவர் சொல்லுதலே பயிற்சி. முதல் நாள் உடனிருந்து வழிகாட்டுமாறு கோட்டையூர் ஆசிரியரைக் கேட்டு எழுதினோம். இசைவு தெரிவித்து, பேருந்துக் கட்டணம் மட்டும் போதும் என்று விடை எழுதியிருக்கின்றார். கட்டணத்தோடு மதிப்பூதியமும் பேரவைக் கணக்கிலிருந்து கொடுத்தல் வேண்டும் என்றும், மதிப்பெண்ணைக் கூட்டுதற்கு அவர் மனைவியாரையும் உடன் அழைத்தல் வேண்டும் என்றும் பேரவைச் செயலாளரிடம் எழுத்து மூலம் கொடுத்திருக்கின்றோம்.